நிகழ்காலம் டெண்டரில் இல்லை

காலை எட்டு ஐம்பதுக்கு ரோஸ்மேரியின் கை நின்றுவிடும்.

அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். தைத்து வந்த பீஸை மேசையில் விரித்து, கழுத்து, தோள், கை, அடி ஓரம் என்று கண்ணையும் விரலையும் ஒன்றாக ஓட்ட வேண்டும். தையல் விட்டிருந்தாலோ, ஓட்டை இருந்தாலோ, எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். நல்ல இடத்தில் ஸ்டிக்கர் இருந்தால் எடுத்துக் குறை இருக்கும் இடத்துக்கு மாற்ற வேண்டும். சரியான இடத்தில் ஒட்டியதை, குறையைச் சரி செய்கிறவர்தான் உரிக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறாள். தலை வேறெங்கோ இருந்தாலும் கை தானாக ஓடும். எட்டு ஐம்பதுக்கு மட்டும் நிற்கும். சூப்பர்வைசர் பார்த்தால், கறை தேடுகிறவள் போலத் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொள்வாள்.

அந்த நேரத்தில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி, அவளுடைய ஏழு வயது மகள் அனிதா புத்தகப் பையை மாட்டிக்கொண்டு ஒரு பலகை மேல் நடந்துகொண்டிருப்பாள்.

அவர்கள் குடியிருப்பது அருள்புரத்தில், பன்னிரண்டு லைன் வீடுகள் உள்ள ஒரு காம்பவுண்டில். காம்பவுண்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சாக்கடை. அகலம் நாலடி. ஆழம் எவ்வளவு என்று காம்பவுண்டில் ஒருவருக்குத்தான் தெரியும். ஐப்பசி மழையில் சிமெண்ட் மூடி உடைந்து உள்ளே போனபோது அதன் மேல் நின்றிருந்தவள் கடைசி வீட்டு மூக்கம்மாள். இடுப்பு எலும்பு முறிந்தது. இடுப்பு வரைக்கும் ஆழம் என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வாக்கரோடு திரும்பி வந்தாள். அதற்குள் யாரோ கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து ஒரு சென்ட்ரிங் பலகையைக் கொண்டுவந்து குறுக்கே போட்டிருந்தார்கள். பலகையில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருக்கும். நடுவில் மிதித்தால் வளையும்.

ரோஸ்மேரி எட்டரைக்குள் கம்பெனியில் இருக்க வேண்டும். அவள் கணவர் டெம்போ ஓட்டுகிறவர், ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடக் கேட் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அனிதா பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியதும் மூக்கம்மாள் வாசலில் நின்றபடி ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஆனால் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பத்தரை மணி டீக்குத்தான் கையில் கிடைக்கும். எட்டு ஐம்பதிலிருந்து பத்தரை வரைக்கும் நூறு நிமிடம். அந்த நூறு நிமிடமும் ரோஸ்மேரிக்கு மகள் உண்டா இல்லையா என்று தெரியாது. வெளியே சொன்னால் அதிகப்படியாகத் தெரியும். அதனால் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு சிமெண்ட் மூடி. நாலடிக்கு மூன்றடி.

*

அதற்காக அவள் போன இடம் வருங்கால நகர இயக்ககம். சாக்கடைக்கும் வருங்காலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்பு மனு வாங்கிக்கொண்டிருந்த அலுவலகத்தில் பூட்டுத் தொங்கியது. பூட்டின் மேல் இந்த விலாசம் ஒட்டியிருந்தது.

உள்ளே ஏசி. கம்பளம். கவுண்டரில் இந்துமதி என்று பெயர்ப் பட்டை குத்திய ஒரு பெண் இருந்தாள்.

"ஏனுங்கக்கா, பேப்பர் மனு நாங்க வாங்கறதில்லீங்க," என்றாள். "இப்ப எல்லாமே மெய்நிகர் நகரத்துலதானுங்க. லிங்க் அனுப்பறனுங்க, தொட்டீங்கன்னா உங்க தெரு அப்படியே வரும். உள்ள நடந்து போயி, எந்த எடத்துல பிரச்சனையோ அங்க ஒரு கொடி நட்டுப் போடுங்க. ஆப் ஒண்ணும் டவுன்லோடு பண்ண வேண்டாமுங்க. பிரவுசர்லயே வரும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அந்த அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஜெபம் முடிகிறபோது ஆமென் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்து ரோஸ்மேரி லிங்கைத் தொட்டாள். கீறல் விழுந்த திரையில் முதலில் ஒரு வட்டம் வெகுநேரம் சுற்றியது. பிறகு தெரு வந்தது. விரலால் தள்ளித் தள்ளி நடந்தாள். காம்பவுண்டு இருந்தது. வெள்ளையடித்து, ஜன்னலுக்கு ஜன்னல் பூங்கொடி படரவிட்டிருந்தார்கள். துணி காயப்போட்ட கயிறு இல்லை. குடம் இல்லை. ஆள் இல்லை. ஒரே ஒரு வெள்ளைக்கார மனிதன் அரை டிராயரோடு ஓடிப் போனான். சற்று நேரத்தில் அவனே மறுபடி வந்தான். வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வழவழப்பான கல் பாவி, இரண்டு பக்கமும் பூச்செடி வைத்திருந்தார்கள்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. இதைப் பிறகு நினைத்து வெட்கப்பட்டாள். ஆனாலும் அந்த நிமிடம் அவள் கொடி நட மறந்துவிட்டு, அந்தக் கல்லின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலைந்து தடவை நடந்தாள். அனிதாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவதாக நினைத்துக்கொண்டு நடந்தாள்.

அப்புறம் சாக்கடை இருக்க வேண்டிய இடத்தில் கொடியை நட்டாள். திரையில் எழுத்து வந்தது: "இந்த இடத்தில் சாக்கடை இல்லை. உங்கள் புகார் ஏற்கப்படவில்லை. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி."

மறுபடி அரை நாள் லீவு. மறுபடி கவுண்டர்.

"அது ரெண்டாயிரத்து முப்பத்தஞ்சுங்கக்கா," என்றாள் இந்துமதி. "அப்ப சாக்கடை இருக்காதுங்க."

"இப்ப இருக்கே."

இந்துமதி உள்ளே பார்த்து ரித்தீஷ் என்று கூப்பிட்டாள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞன் ஒருவன் வந்தான். திட்ட ஆலோசகராம். மரியாதையானவன். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் சொன்னான்.

"நிகழ்காலம் டெண்டர்ல இல்லீங்கக்கா. எங்களுக்குக் குடுத்தது வருங்காலம் மட்டும்தானுங்க."

"அப்ப நிகழ்காலத்த யாரு பாக்கிறாங்க?"

"அதுக்குத் தனியா டெண்டர் உடோணுங்க. போன தடவ உட்டாங்க, யாரும் எடுக்கலீங்க. அதுல மாடலிங் ரொம்பக் கஷ்டமுங்க. குப்பை, நாயி, வயரு, எல்லாத்தையும் ஒண்ணொண்ணா வரையோணும். வருங்காலம்னா சுலபமுங்க, ஒரு மரத்தை வரைஞ்சு காப்பி பண்ணிக்கலாம்."

"தம்பி, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். மூடிய நாங்களே போட்டுக்கிடுதோம்."

ரித்தீஷ் உண்மையாகவே பதறினான். "ஐயோ, போட்டுராதீங்கக்கா. மேப்புல சாக்கடையே கெடயாது. இல்லாத சாக்கடைக்கு மூடி போட்டீங்கன்னா ரோட்டு மேல கல்லு வெச்ச கணக்குங்க. ஆக்கிரமிப்புன்னு கேசு போட்ருவாங்க. புதன்கிழமை மக்கள் கருத்துக் கேட்பு வெச்சிருக்கறோம், அங்க வந்து சொல்லுங்க."

"எங்க வரணும்?"

"எங்கயும் வர வேண்டாமுங்க. பிரவுசர்லயே வரும்."

*

புதன்கிழமை பகல் பதினோரு மணி. வேலை செய்கிறவர்கள் யாரும் வீட்டில் இருக்க முடியாத நேரத்தை இயக்ககம் ஏன் தேர்ந்தெடுத்தது என்று கேட்பவர்கள் உண்டு. மக்கள் இல்லாமல் இருந்தால்தான் நெட் வேகமாக இருக்கும் என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது.

மூன்றாவது அரை நாள் லீவை எழுதிக் கொடுத்துவிட்டு ரோஸ்மேரி வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் மூக்கம்மாள், வாக்கரைச் சுவரில் சாத்திவிட்டு. லிங்கைத் தொட்டதும், எந்த உருவத்தில் வர விருப்பம் என்று கேட்டது. நான்கு உருவங்கள் இருந்தன. நான்கும் கோட் போட்டிருந்தன. ரோஸ்மேரி ஒரு பெண்ணைத் தொட்டாள். அவள் பெயர் குடிமகள்-3 ஆயிற்று.

"ஏன்டி ரோசு, இவெய்ங்க ஊருக்குள்ள கோட்டு போடாதவள விடவே மாட்டாய்ங்களா?" என்றாள் மூக்கம்மாள்.

"எக்கா, செத்த சும்மா இருங்க."

"அந்தா நிக்கிறது நீயா? பரவால்ல, ஒரு சுத்து எளச்சிருக்க. கெட்டதுலயும் ஒரு நல்லது."

மண்டபம் பிரமாதமாக இருந்தது. கூரையில் மேகம் போனது. மேடையில் இயக்குநர் தோன்றினார். அவர் உருவம் மற்ற உருவங்களைவிட ஒன்றரை மடங்கு பெரியது.

"மக்களே," என்றார் இயக்குநர். "தெருவைப் பார்க்காமல் தெருவைத் திட்டமிட முடியாது என்று சொன்னார்கள். முடியும் என்று காட்டியிருக்கிறோம். இந்த இரண்டு ஆண்டில் நானும் என் குழுவினரும் இந்த ஊரின் எந்தத் தெருவிலும் காலை வைத்ததில்லை. ஆனால் எல்லாத் தெருவிலும் நடந்திருக்கிறோம். முன்பு அதிகாரிகள் மக்களைச் சந்திக்கப் போவார்கள். மக்கள் பேசுவார்கள். பேசினால் நேரம் வீணாகும், கோபம் வரும், சில சமயம் அதிகாரிக்குத் தலைவலிகூட வரும். இன்று அந்த நிலை இல்லை. இன்று மக்கள் பங்கேற்கிறார்கள். பேசுவதில்லை. இதைத்தான் நாங்கள் ஜனநாயகத்தின் அடுத்த பதிப்பு என்கிறோம்."

ரோஸ்மேரி பேசுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று திரை முழுக்கத் தேடினாள். மூன்று பொத்தான்கள் இருந்தன. இதயம், பூ, கைதட்டு. கையைத் தூக்குகிற மாதிரி இருந்தது கைதட்டுத்தான். தன்னைக் கவனிப்பார்கள் என்று அதை அழுத்தினாள். குடிமகள்-3 எழுந்து நின்று கைதட்டினாள். மறுபடி அழுத்தினாள். இன்னும் பலமாகத் தட்டினாள்.

"நன்றி, நன்றி," என்றார் இயக்குநர்.

அப்போது நெட் அறுந்தது. மறுபடி உள்ளே போனாள். மறுபடி அறுந்தது. கூட்டம் முடிவதற்குள் பதினான்கு முறை வெளியே விழுந்து பதினான்கு முறை உள்ளே ஏறினாள். ஏறும்போதெல்லாம் கைதட்டை அழுத்தினாள். சாக்கடை, சாக்கடை என்று வாயால் சொல்லிக்கொண்டே அழுத்தினாள்.

மாலையில் கூட்டக் குறிப்பு வந்தது. "அருள்புரம் பகுதியிலிருந்து மட்டும் பதினைந்து பெண்கள் கலந்துகொண்டார்கள். பதினைந்து பேரும் எழுந்து நின்று கைதட்டித் திட்டத்தை வரவேற்றார்கள்."

"எங்க ஊர்ல ஓட்டுக்கூட இப்பிடிப் போட்டதில்லடி," என்றாள் மூக்கம்மாள்.

ரோஸ்மேரி சிரிக்கவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினைந்து பேராகத் தட்டியது இந்தக் கைதான். இது தன்னைக் கேட்காமல் யாருக்கோ வேலை செய்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

*

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, காம்பவுண்டுப் பெண்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ரித்தீஷும் இன்னும் இரண்டு பேரும் வந்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். கையகலச் சதுரம், உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம். மொத்தம் ஆறு. காம்பவுண்டின் பூசிய சுவரில் இரண்டு, தண்ணீர்த் தொட்டியில் ஒன்று, மூக்கம்மாள் வீட்டுக் கதவில் ஒன்று, எதிர் மாவு மில் ஷட்டரில் இரண்டு. போனைக் காட்டினால் ஒவ்வொரு சதுரத்தின் மேலும் வருங்காலத்தில் வரப்போவது எழும்பி நிற்குமாம். ஒன்றில் நடைபாலம், ஒன்றில் நீரூற்று, இப்படி.

"என் கதவுல எதுக்குப்பா ஒட்டுற?" என்று மூக்கம்மாள் கேட்டிருக்கிறாள்.

"இதுக்கு நல்ல சமதளம் வேணுமுங்க. சுத்தமா, உடையாம, ஈரமில்லாம இருக்கோணும். அப்பத்தான் வருங்காலம் ஆடாம நிக்கும்."

"அப்ப உடைஞ்ச எடத்துக்கு வருங்காலம் கெடயாதா?"

"திங்கக்கிழமை எட்டரைக்கு இயக்குநரே வர்றாருங்க. யாரும் தொட்டுராதீங்க," என்று சொல்லிவிட்டு ரித்தீஷ் போயிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டுப் பெண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு வீட்டில் ஏழு வீட்டுப் பெண்கள் செக்கிங். ஏழு பேருக்கும் அந்தச் சுவரைப் பார்க்கப் பார்க்க விரல் நமநமவென்றிருந்தது.

"நல்ல பீஸ்ல ஒட்டிட்டுப் போயிருக்கான்," என்றாள் நாலாம் வீட்டு அபிராமி. "தரம் பாக்குற எங்க கியூசி சார் இருந்தா கிழிச்சித் தொங்கவிட்டிருப்பான்."

"புதுப் பையன். தெரியாம செஞ்சிருப்பான்," என்றாள் ரோஸ்மேரி.

அதில் கேலி எதுவும் இல்லை. பெரிய அதிகாரி வருகிறார், ஸ்டிக்கரை வைத்துத்தான் குறையைப் பார்ப்பார், அது தப்பான இடத்தில் இருந்தால் அந்தப் பையனுக்கும் திட்டு, தங்களுக்கும் மூடி கிடைக்காது என்றுதான் நினைத்தார்கள். செக்கிங் தெரிந்தவர்கள் இருக்கும் காம்பவுண்டில் இப்படி ஒரு பீஸை வெளியே அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, பசை மிச்சமில்லாமல் ஆறையும் உரித்தார்கள். சாய்ந்து நிற்கும் கரண்டு கம்பத்தில் ஒன்று. கதவில்லாத கக்கூஸில் ஒன்று. இப்படி ஐந்து போன பிறகு ஆறாவதைப் பலகையின் நடுவில் வைத்து, ரோஸ்மேரி உள்ளங்கையால் நன்றாக அழுத்தித் தேய்த்தாள். அது நடைபாலச் சதுரம் என்று அவளுக்குத் தெரியாது.

*

திங்கட்கிழமை ரோஸ்மேரி முழு நாள் லீவு போட்டிருந்தாள். இயக்குநர் காரிலிருந்து இறங்கியபோது காலை எங்கே வைப்பது என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு வைத்தார். நேரில் அவர் மற்றவர்கள் அளவுதான் இருந்தார். ரோட்டோரம் நின்று டேப்லெட் திரையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அதற்குப் பிறகு அவர் கண்ணுக்கும் தெருவுக்கும் நடுவில் அது எப்போதும் இருந்தது.

ரித்தீஷ் பூசிய சுவரைப் பார்த்தான். வெறுமையாக இருந்தது. அவன் முகம் வெளுத்தது.

ஆனால் இயக்குநர், "அற்புதம்," என்றார். "பாலம்! மிகச் சரியாக வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவிலேயே! போன முறை அலுவலகத்தில் பார்த்தபோது சுவருக்குள் போய் முட்டிக்கொண்டிருந்ததே. யார் சரி செய்தது?"

"நாங்கதானுங்க சார்," என்றான் ரித்தீஷ். "வாரக் கடைசில உக்காந்து."

மணி எட்டு ஐம்பது.

அனிதா பையை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து வந்தாள். கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் நின்றாள். பிறகு வழக்கம்போலப் பலகையில் காலை வைத்தாள். அந்த நேரத்தில் மகள் அதன் மேல் நடப்பதை ரோஸ்மேரி ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. நூறு நிமிடம் அவள் மனசில் ஓடியதைவிட அது மோசமாக இருந்தது. பலகை நடுவில் வளைந்தது. குழந்தை ஆணியைத் தாண்டி அடுத்த காலை வைத்தாள், பழகிப் போயிருந்தாள்.

"பாருங்கள், பாருங்கள்!" இயக்குநரின் குரல் தழுதழுத்தது. டேபில் அனிதா, இரண்டு பக்கமும் பூத்தொட்டி வைத்த வெள்ளைப் பாலத்தில் நடந்து வந்தாள். "மக்கள் ஏற்கெனவே பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். படம் எடுங்கள். இந்தப் பணியை 'மெய்நிகர் நிறைவு' என்று பதிவு செய்யுங்கள். இந்த மாவட்டத்தில் இதுதான் முதல்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

ரோஸ்மேரி அவர் பக்கத்தில் போய் நின்றாள். "சார், நீங்களும் ஒருக்கா நடந்து பாருங்க."

"என்ன?"

"பாலம் நல்லா இருக்குன்னு சொல்லுதீங்களே. நடங்க சார்."

அவர் டேபை இறக்கினார். அன்றைக்கு முதல் தடவையாகப் பலகையைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். கீழே ஓடுவதையும் பார்த்தார். முகர்ந்துகூட இருக்க வேண்டும். ஒரு அடி பின்னால் வைத்தார்.

"எனக்கு அந்தப் பக்கம் வேலை எதுவும் இல்லையே, அம்மா," என்றார்.

"பொறந்ததுலயிருந்து இல்ல போல," என்றாள் வாசலில் நின்ற மூக்கம்மாள்.

இயக்குநர் டேபை மறுபடி தூக்கிக்கொண்டார். முகம் தெளிந்தது. "இவ்வளவு துல்லியமான ஒன்றை வெயிலிலும் மழையிலும் விடக் கூடாது. அலுவலக வரவேற்பறையில் வைக்க வேண்டும். வருகிறவர்கள் பார்க்கட்டும்."

ரித்தீஷ் ஸ்டிக்கரை உரிக்கப் பார்த்தான். அவனுக்கு உரிக்கத் தெரியவில்லை. மூலை கிழிய ஆரம்பித்தது.

"கிழிக்காதே. பலகையோடு எடு."

"சார், பலகைய எடுத்தா நாங்க எப்படி சார் தாண்டுறது?" என்றாள் ரோஸ்மேரி.

"பாலம் பதிவாகிவிட்டதே, அம்மா," என்றார் இயக்குநர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் முகத்தில் அவளுக்கு ஒரு நல்லது செய்துவிட்ட நிறைவு இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. திருடனாக இருந்திருந்தால் கத்தியிருப்பாள்.

இரண்டு பேர் பலகையை வேனில் ஏற்றினார்கள். வேன் கிளம்பும்போது இயக்குநர் அதன் பின்பக்கம் டேபைக் காட்டினார். பாலம் பூத்தொட்டிகளோடு பல்லடம் ரோட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

மாலை நாலே காலுக்கு அனிதா ரோட்டுப் பக்கம் வந்து நின்றாள். நாலடி தூரத்தில் வீடு. ரோஸ்மேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கினாள். மூக்கம்மாள் சொன்னது சரி, இடுப்பு வரைக்கும் இருந்தது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் அபிராமியின் மகன்கள் இரண்டு பேரும் நின்றார்கள். அவர்களையும் தூக்கி வந்தாள். கடைசிப் பையனை இறக்கும்போது போன் அடித்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

அன்றைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தாள். நாற்றம் போயிற்று. கோபம் போகவில்லை. இத்தனை நாள் அது கோபம் என்றே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் காலையிலும் அதே வழியில் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, குளித்து மாற்றிக்கொண்டு, கம்பெனிக்குப் போகாமல் இயக்ககத்துக்குப் போனாள்.

வரவேற்பறையின் நடுவில், கம்பளத்தின் மேல், பலகை கிடந்தது. சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். "நடைபாலம் (நிறைவுற்றது). கைபேசியில் காணவும். ஆப் தேவையில்லை" என்று அட்டை வைத்திருந்தார்கள். ஆணியின் மேல் யாரோ பத்திரமாகப் பஞ்சு சுற்றியிருந்தார்கள். கம்பளம் கிழிந்துவிடும் என்று.

ரோஸ்மேரி கயிற்றைத் தாண்டிக் குனிந்தாள். இந்துமதி கவுண்டரிலிருந்து எழுந்து வந்தாள்.

"ஏனுங்கக்கா, அதத் தொடக் கூடாதுங்க. பாலமுங்க அது."

"பாலத்த நீங்களே வச்சிக்கோங்க. எனக்குப் பலகை போதும்."

ஓரத்தில் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பில், கிழியாமல், சதுரத்தை உரித்தாள். அதை இங்கே ஒட்டியது தப்பு என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. பலகையில் குறை இல்லை. இத்தனை பேரில் இத்தனை நாளாக ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

தப்பாக ஒட்டிய ஸ்டிக்கரைக் கசக்கிப் போட அவள் கைக்குப் பழக்கமில்லை. சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும். சுவரைப் பார்த்தாள். நன்றாக இருந்தது. கவுண்டரைப் பார்த்தாள். இந்துமதியைப் பார்த்தாள். சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, சொன்னதைச் சொல்கிறவள். அங்கேயும் இல்லை. அவளைத் தாண்டி உள்ளே நடந்து கடைசிக் கதவைத் திறந்தாள்.

இயக்குநர் அறையின் நடுவில் தனியாக நின்றிருந்தார். மெய்நிகர் நகரத்தைக் காட்டும் வி.ஆர். கண்ணாடி முகத்தின் பாதியை மூடியிருந்தது. இரண்டு கையாலும் காற்றில் எதையோ நகர்த்திக்கொண்டே, யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"அருள்புரம் தெருவில்தான் நிற்கிறேன்," என்றார். "காற்றோட்டமாக இருக்கிறது. நெரிசல் இல்லை. புகார் இல்லை."

ரோஸ்மேரி அவருக்கு நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில் போய் நின்றாள்.

அவர் விரலை அவள் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். "இதோ, இந்த இடம். இங்கே யாரும் இல்லை. காலியாகக் கிடக்கிறது. இங்கே ஒரு பெஞ்சு போட்டுவிடலாம்."

அவள் ஒரு பீஸைப் பார்ப்பது போல அவரை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். சட்டை நல்ல தையல். காலர் நேராக இருந்தது. பட்டன் எல்லாம் சரி. பிறகு கையை நீட்டி, கண்ணாடியின் முன்பக்கத்தில், இரண்டு கண்ணுக்கும் நடுவே, சதுரத்தை வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

"லேசாக அதிர்கிறது," என்றார் இயக்குநர். "லாரி போகிறது என்று நினைக்கிறேன். எவ்வளவு தத்ரூபம்!"

வெளியே வந்து பலகையைத் தூக்கித் தோளில் வைத்தாள். இந்துமதி யாரையும் கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவின் இரண்டாவது பக்கத்துத் தாழ்ப்பாளையும் திறந்து பிடித்துக்கொண்டாள். பலகை அகலமாக இருந்தது.

"பாத்துப் போங்கக்கா, ஆணி இருக்குதுங்க," என்றாள்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். "என்னங்கம்மா இது?"

"பாலம்."

"எதா இருந்தாலும் லக்கேஜ் டிக்கெட் போடோணுமுங்க."

போட்டுக்கொண்டாள்.

மறுநாள் எட்டு ஐம்பதுக்கு ரோஸ்மேரியின் கை நின்றது. துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நூறு நிமிடம் கழித்துப் போனை வாங்கிப் பார்த்தாள். எட்டு ஐம்பத்தாறுக்கு மூக்கம்மாளின் மிஸ்டு கால் இருந்தது. அதன் கீழே இயக்ககத்திலிருந்து ஒரு செய்தி. அவள் நட்சத்திரம் எதுவும் தராததால் ஐந்து என்று எடுத்துக்கொண்டார்களாம்.

இயக்குநர் இப்போது அந்தக் கண்ணாடியோடு எங்கே போனாலும், யார் போனைத் திருப்பினாலும், அவர் நெற்றியிலிருந்து பூத்தொட்டிகளோடு ஒரு வெள்ளைப் பாலம் புறப்பட்டுப் போவது தெரிகிறதாம். தொழில்நுட்பத்தின் உச்சம் என்று எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். அந்தச் சதுரம் அங்கேயேதான் இருக்கிறது. குறையைச் சரி செய்கிறவர்தான் அதை உரிக்க வேண்டும்.

இதுவரை யாரும் உரிக்கவில்லை.